அன்றாட நடமாட்டமும் உடற்பயிற்சியும்: கலோரிக் கணக்கில் எதை எங்கே எழுதுவது?

எடையைக் குறைப்பதற்காக உண்பதையும் செலவிடுவதையும் ஒழுங்காக எழுதி வருபவர்கள், மூன்று மாதம் கழித்தும் தராசு அசையவில்லை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் நோட்டைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. சாப்பாட்டுப் பக்கத்தில் எண்ணெயின் அளவு விடுபட்டிருப்பது வழக்கமான குறை. அதற்கு அடுத்தபடியாக நான் காண்பது, ஒரே காலை நடை மூன்று இடங்களில் வரவு வைக்கப்பட்டிருப்பதுதான்: செயலியில் ‘மிதமான செயல்பாடு’ என்று தேர்ந்தெடுத்தபோது ஒரு முறை, உடற்பயிற்சி என்ற தலைப்பில் நாற்பத்தைந்து நிமிட நடையை உள்ளிட்டபோது இன்னொரு முறை, கைப்பேசியின் அடிக்கணக்கு தானாக வந்து சேர்ந்தபோது மற்றொரு முறை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைச் சுற்றியே அமைகிறது: ஓர் அசைவு கணக்கில் ஒரு முறைதான் வர வேண்டும். அதற்கான படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முந்தைய படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும். பேச்சு வழக்கையொட்டி, கிலோகலோரியை இங்கே கலோரி என்றே குறிப்பிடுகிறேன்.

1. தொடங்குமுன் தேவையானவை

சமையலறையில் கிராம் காட்டும் சிறு மின்தராசு, உடல் எடை பார்க்கும் தராசு, அடிகளை எண்ணும் கைப்பேசி அல்லது கடிகாரம், ஒரு நோட்டு ஆகியவை போதும். செயலி இருந்தாலும் நோட்டு வேண்டும் என்பது என் கருத்து. செயலி எந்த எண்ணை எங்கே கூட்டுகிறது என்பது நமக்குத் தெரியாமலே போகும், நோட்டில் அப்படி நடக்காது.

இவற்றோடு ஒரு வாரப் பொறுமையும் வேண்டும். முதல் ஏழு நாட்கள் உணவையும் நடையையும் மாற்றாமல், வழக்கமாக எத்தனை அடிகள் நடக்கிறீர்கள் என்பதை மட்டும் குறித்து வாருங்கள். இந்த வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள் நான்காம் படியில் ஊகத்தை எழுதுவார்கள். அந்த ஊகம் பெரும்பாலும் நம்மைப் பற்றிய நல்லெண்ணத்தின் பக்கமே சாயும்.

கைப்பேசியை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். வீட்டிலிருக்கும் பெண்கள் பலருடைய கைப்பேசி நாள் முழுதும் ஃபிரிட்ஜின் மேல்தான் கிடக்கிறது. அடுப்படிக்கும் துணி காயும் மாடிக்கும் நடந்த அடிகள் அதில் ஏறுவதில்லை. பாக்கெட் வைத்துத் தைத்த நைட்டியோ இடுப்பில் செருகும் சிறு பையோ அந்த ஒரு வாரத்துக்காவது தேவைப்படும். கைக்கடிகாரத்தின் சிக்கல் நேர்மாறானது: சப்பாத்தி தேய்க்கும்போது அது அடிகளை எண்ணிக்கொண்டே போவதை நானே பார்த்திருக்கிறேன்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், உணவு குறித்த மனச்சிக்கலுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் எட்டாம் படியைத் தொடக் கூடாது.

2. எது அன்றாடம், எது பயிற்சி என்று முதலில் கோடு கிழியுங்கள்

வியர்த்ததா, மூச்சு வாங்கியதா என்பதை வைத்து இதைப் பிரிக்கப் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். உடல் உழைப்புகளின் கடுமையை ‘மெட்’ என்ற அலகால் அளக்கும் அட்டவணைகள் உள்ளன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு ஒரு மெட். அந்த அட்டவணைகளில் வீடு பெருக்குவதும் நிதானமான நடையும் ஏறக்குறைய ஒரே இடத்தில், மூன்றரை மெட்டை ஒட்டி நிற்கின்றன. ஆகவே கடுமை இங்கே அளவுகோல் ஆகாது.

நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. எடையைக் குறைக்கும் எண்ணமே உங்களுக்கு இல்லாதிருந்தால் இந்த வேலையைச் செய்திருப்பீர்களா? செய்திருப்பேன் என்றால் அது அன்றாடம். செய்திருக்க மாட்டேன், இதற்கென்றே செருப்பைக் கழற்றி ஷூ மாட்டினேன் என்றால் அது பயிற்சி. பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பது, வகுப்பறையில் நின்று பாடம் நடத்துவது, குடம் தூக்குவது, இரண்டாம் மாடி வீட்டுக்குப் படியேறுவது எல்லாம் அன்றாடத்தின் பக்கம் போகும்.

இடைநிலையில் சில வரும். அலுவலகத்துக்கு மிதிவண்டியில் போகிறவர் அதை எங்கே எழுதுவது? வாரத்தில் ஐந்து நாளும் போனால் அன்றாடம் என்றே வைத்துக்கொள்ளலாம். மனம் வந்தால் மட்டும் போனால் பயிற்சி. பொங்கலுக்கு முன் வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவிய நாள், வீடு மாறிய நாள், திருமண வீட்டில் ஓடியாடிய நாள் போன்றவற்றை எந்தப் பக்கமும் எழுத வேண்டாம். அப்படிப்பட்ட நாட்களில் சாப்பாட்டுக் கணக்கும் சரியாக இருப்பதில்லை என்பதால், செலவை மட்டும் துல்லியமாக எழுதுவதில் பொருளில்லை.

கிழித்த கோட்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் ஒரு மோசமான வாரம் வரும்போது, ‘கடைக்கு நடந்ததையும் பயிற்சியில் போட்டால் என்ன’ என்று மனம் கேட்கும்.

3. ஓய்வுநிலைச் செலவைக் கணக்கிடுங்கள்

நாள் முழுதும் படுத்தே இருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை எரிக்கும் ஆற்றல்தான் ஓய்வுநிலைச் செலவு. பெரும்பாலோருக்கு மொத்தச் செலவில் மிகப் பெரிய பங்கு இதுதான். அதனால்தான் இதை முதலில் கணக்கிடுகிறோம்.

1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தை இப்போது பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். எடையைக் கிலோவில் எடுத்துப் பத்தால் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். கடைசியாக ஆண் என்றால் 5-ஐக் கூட்டவும், பெண் என்றால் 161-ஐக் கழிக்கவும் வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வங்கிக் கிளையில் கவுன்ட்டரில் அமர்ந்து வேலை பார்க்கும் பெண். வயது 38, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 72 கிலோ. அவருக்கு 720 + 987.5 − 190 − 161 என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 1,357 கலோரி வரும். அதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 56.5 கலோரி. இந்த இரண்டாவது எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் அது மிகவும் பயன்படும்.

இத்தகைய சூத்திரங்கள் மேலை நாட்டவரை அளந்து உருவானவை. நம்மவர்களுக்குச் சற்றே கூடுதலாகக் காட்டக்கூடும். இப்போது அதைத் திருத்த முயல வேண்டாம். ஒன்பதாம் படியில் உங்கள் தராசே அதைத் திருத்தித் தரும்.

4. பயிற்சியின் அடிகளைக் கழித்துவிட்டுப் பெருக்கெண்ணைத் தேர்ந்தெடுங்கள்

ஓய்வுநிலைச் செலவை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கினால் நாளின் செலவு கிடைக்கும். புதியவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இதுவே என்பதால் இங்கே நிதானிக்க வேண்டியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி என்றும், மிதமான உழைப்புள்ள பெண்ணுக்கு 2,130 கலோரி என்றும், கடும் உழைப்புள்ள பெண்ணுக்கு 2,720 கலோரி என்றும் உள்ளது. ஓய்வுநிலைச் செலவை ஏறத்தாழ 1.4, 1.8, 2.3 ஆகியவற்றால் பெருக்கினால் கிடைப்பவை இவை. ‘மிதமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காலையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு எட்டு மணி நேரம் நாற்காலியில் இருப்பவருக்குத் தான் மிதமானவர் என்றே தோன்றும். ஆனால் இந்த அட்டவணையின் மிதமானவர், பகலில் பெரும்பகுதி நின்றும் நடந்தும் சுமந்தும் வேலை செய்பவர். அந்த ஒரு சொல்லைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் 470 கலோரி கூடிவிடுகிறது.

செயலிகளும் இணையக் கணிப்பான்களும் வேறொரு வரிசையைத் தருகின்றன: 1.2, 1.375, 1.55, 1.725. அங்கே ‘வாரம் மூன்று முதல் ஐந்து நாள் உடற்பயிற்சி’ என்று 1.55-க்கு எதிரே எழுதியிருக்கும். அதாவது அந்தப் பெருக்கெண்ணுக்குள் உடற்பயிற்சி ஏற்கெனவே அடங்கிவிட்டது. சில செயலிகளோ இதே கேள்வியைக் கேட்கும்போது உடற்பயிற்சி நீங்கலான அன்றாட வேலையை மட்டும் சொல்லும்படி எதிர்பார்க்கின்றன. இரண்டு வகைகளும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். எதிரே இருக்கும் விளக்கத்தில் ‘உடற்பயிற்சி’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதே வேறுபாட்டை அறியும் வழி.

நான் சொல்லும் முறையில் பெருக்கெண்ணுக்குள் அன்றாடம் மட்டுமே இருக்கும். அதற்கு, முதல் வாரத்தில் எண்ணிய அடிகளிலிருந்து பயிற்சி நடையின் அடிகளைக் கழியுங்கள். நம் வங்கி ஊழியரின் கைப்பேசி நடைநாளில் 8,500 அடிகள் காட்டுகிறது. அதில் காலை நடை மட்டும் ஏறக்குறைய 5,000. மீதி 3,500 தான் அவருடைய அன்றாடம். நடக்காத ஞாயிற்றுக்கிழமையின் அடிகளைப் பார்த்தாலே இது சரிதானா என்று தெரிந்துவிடும்.

கழித்த பிறகு மிஞ்சும் அடிகள் மூவாயிரத்துக்குக் குறைவு என்றால் 1.3, மூவாயிரம் முதல் ஆறாயிரம் வரை 1.4, ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் வரை, நின்றுகொண்டே வேலை செய்பவர் என்றால், 1.5, அதற்கு மேல் 1.6 என்று வைத்துக்கொள்கிறேன். இது யாரும் வகுத்த தரமல்ல, பல நோட்டுகளைப் பார்த்து நான் வைத்துக்கொண்ட தோராயம். இரண்டுக்கும் நடுவில் தயக்கம் வந்தால் குறைந்ததையே எடுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு 1,357 × 1.4 = 1,900 கலோரி.

5. பயிற்சியின் மொத்தத்தை விட்டு நிகரத்தை எழுதுங்கள்

நாற்பத்தைந்து நிமிடம் நடக்காமல் வீட்டில் இருந்திருந்தாலும் அந்த நேரத்துக்கு உடல் ஏதோ ஒன்றைச் செலவிட்டிருக்கும். அது நான்காம் படியின் 1,900-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. எனவே நடையால் கூடுதலாக ஆன செலவை மட்டுமே சேர்க்க வேண்டும். டிரெட்மில்லின் திரையும் பல செயலிகளும் காட்டுவது பெரும்பாலும் மொத்தத்தையே.

கணக்கு எளிது. மணிக்கான ஓய்வுச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின் மெட் எண்ணிலிருந்து உங்கள் பெருக்கெண்ணைக் கழித்து அதனோடு பெருக்குங்கள். பிறகு மணி நேரத்தால் பெருக்குங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேக நடைக்கு 3.5 மெட் என்று கொண்டால், 56.5 × (3.5 − 1.4) × 0.75 = 89 கலோரி.

எண்பத்தொன்பதுதானா என்று பலரும் முகம் சுளிப்பார்கள். அதே நடைக்குத் திரை 240 என்று காட்டியிருந்தால் ஏமாற்றம் இயல்பே. எங்கே கரைந்தது என்று பார்ப்போம். ஒரு மெட் என்றால் கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி என்பது பொதுக் கணக்கு. அதன்படி 72 × 3.5 × 0.75 = 189 வரும். திரை அதற்கும் மேலே காட்டியது, கைப்பிடியைப் பிடித்திருப்பது போன்றவை அதற்குத் தெரியாததால். நம் ஊழியரின் உண்மையான ஓய்வுச் செலவு மணிக்கு 72 அல்ல, 56.5 என்பதால் 189 என்பது 148 ஆகிறது. அந்த 148-இல் 59 அன்றாடக் கணக்கில் ஏற்கெனவே இருப்பதால் மிஞ்சுவது 89. பத்து கிராம் எண்ணெய், அதாவது தாளிப்பதற்கு ஊற்றும் இரண்டு தேக்கரண்டி, அதற்குச் சமம். பூங்காவில் சுற்று முடித்து வாசல் கடையில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் அந்த நடை முடிந்தது.

மற்றவற்றுக்கும் இதே சூத்திரம்தான். நிதானமான ஹட யோகத்துக்கு 2.5 மெட்; நம் ஊழியர் ஒரு மணி நேரம் செய்தால் நிகரம் 62 கலோரி. மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 8.3 மெட், அரை மணி நேரத்துக்கு 195 கலோரி. எடை தூக்கும் பயிற்சியில் ஜிம்மில் இருந்த நேரத்தை எழுதாதீர்கள். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் அடுத்த செட்டுக்காகக் காத்திருப்பதிலேயே போகும். அதை நடைக்குச் சமமாக எழுதினால் போதும். எடை குறையும்போது தசை கரையாமல் காப்பதற்காகச் செய்ய வேண்டிய பயிற்சி அது. கலோரிக்காக அதைச் செய்பவர் விரைவில் வெறுத்துவிடுவார்.

6. இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதிலேயே நில்லுங்கள்

முதல் முறையை வாரச் சராசரி என்று அழைக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் நடை என்றால் 89 × 5 = 445; அதை ஏழால் வகுத்தால் நாளொன்றுக்கு 64. ஆக 1,900 + 64 = 1,964 கலோரி. ஏழு நாளும் இதே எண்தான். நடந்த நாளில் கூடுதலாக உண்பதும் இல்லை, நடக்காத நாளில் குறைப்பதும் இல்லை. பயிற்சியைத் தனியே பதிவு செய்யவும் வேண்டாம்.

இரண்டாவது தனிக்கணக்கு. அடிப்படை எண் 1,900. நடந்த நாளில் மட்டும் 89 சேரும். ஒரு வாரம் ஓடிவிட்டு அடுத்த வாரம் ஓடாமல் இருப்பவர்களுக்கும், வார இறுதியில் மட்டும் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் இது ஏற்றது.

ஏனையோருக்கு நான் வாரச் சராசரியையே சொல்வேன். தனிக்கணக்கு வைப்பவருக்கு ஒரு மனநிலை வந்துவிடுகிறது: மாலையில் பஜ்ஜி சாப்பிட ஆசைப்பட்டு, அதற்கு ஈடாக எவ்வளவு நடந்தோம் என்று தேட ஆரம்பிப்பார். அந்தத் தேடலில் நாற்பது நிமிடம் ஐம்பதாகும், நிதான நடை வேக நடையாகும்.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதை எண்களிலேயே பார்ப்போம். நம் ஊழியர் செயலியில் 1.55-ஐத் தேர்ந்தெடுக்கிறார், 2,103 வருகிறது. அதற்கு மேல் டிரெட்மில் திரையின் 240-ஐ வாரம் ஐந்து நாள் சேர்க்கிறார். சராசரி நாளொன்றுக்கு 171. மொத்தம் 2,274. அதிலிருந்து 400 கலோரியைக் குறைத்து 1,874 உண்கிறார். உண்மைச் செலவோ 1,964. நானூறு என்று நினைத்த பற்றாக்குறை 90-ஆகச் சுருங்கிவிட்டது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில், நான்கு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறையும் என்று எதிர்பார்த்தவருக்கு 330 கிராம் குறைந்திருக்கும். அவ்வளவு சிறு மாற்றம், முந்தின நாள் சாப்பிட்ட ஊறுகாயின் உப்பு பிடித்து வைக்கும் நீரிலேயே மறைந்துபோகும். அவர் ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. ஒவ்வோர் எண்ணையும் நேர்மையாகவே எழுதினார்.

7. கடிகாரமும் செயலியும் இணைந்திருந்தால் யார் கூட்டுகிறார் என்று பாருங்கள்

கடிகாரங்கள் இரண்டு எண்களைக் காட்டும். ‘ஆக்டிவ்’ என்பது அசைவுக்கான கூடுதல் செலவு. ‘டோட்டல்’ என்பது ஓய்வுச் செலவையும் சேர்த்தது. டோட்டல் எண்ணை எடுத்து மூன்றாம் படியின் எண்ணோடு கூட்டியவரை நான் பார்த்திருக்கிறேன்; நாளொன்றுக்கு 3,600 கலோரி செலவிடுவதாக அவர் மகிழ்ந்திருந்தார்.

கடிகாரத்தின் ஆக்டிவ் எண்ணுக்குள் அன்றாட நடமாட்டமும் பயிற்சியும் இரண்டும் உண்டு. ஆகவே அதைப் பயன்படுத்தினால் நான்காம் படியின் பெருக்கெண்ணும் ஐந்தாம் படியின் நிகரமும் இரண்டுமே வேண்டாம். செயலியில் கடிகாரத்தை இணைத்திருந்தால், நடையைக் கையால் உள்ளிடக் கூடாது. கைப்பேசியின் அடிக்கணக்கும் கடிகாரமும் ஒரே செயலிக்குத் தரவு அனுப்பினால், அமைப்புகளுக்குள் சென்று ஒன்றைத் துண்டித்துவிடுங்கள். சோதிப்பதற்கு ஒரு வழி உண்டு: ஒரு நாள் கடிகாரத்தோடு நடந்துவிட்டு, கையால் எதையும் உள்ளிடாமல், செயலியில் அன்றைய கலோரி வரம்பு உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தால் அது ஏற்கெனவே கூட்டிவிட்டது என்று பொருள்.

கடிகாரத்தின் எண்ணை எவ்வளவு நம்பலாம்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியின் சராசரிப் பிழையே 27 விழுக்காடு, மிக மோசமானதன் பிழை 93 விழுக்காடு. அவற்றிற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. ஆனாலும் கடிகாரம் காட்டும் பயிற்சிக் கலோரியில் பாதியை மட்டும் எழுதுவது இன்றும் எனக்கு நியாயமாகவே படுகிறது. அடிகளை எண்ணவும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடவும் அது நல்ல கருவி.

8. பற்றாக்குறையை முடிவு செய்யுங்கள்

மொத்தச் செலவிலிருந்து 300 முதல் 500 கலோரி வரை குறைத்தால் பெரும்பாலோருக்குத் தாங்கும். நம் ஊழியர் 400 குறைத்தால் நாளொன்றுக்கு 1,560 கலோரி உண்ணலாம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் 1,200-க்குக் கீழே போகக் கூடாது. விரைவாகக் குறைக்க வேண்டும் என்று பெரிய பற்றாக்குறையை எடுப்பவர், தன்னை அறியாமலேயே மதியம் படுத்துவிடுவார், மாடிப்படிக்குப் பதில் லிஃப்டில் போவார். நான்காம் படியில் எடுத்த 1.4 சத்தமில்லாமல் 1.3 ஆகிவிடும். நம் ஊழியருக்கு அது மட்டுமே 136 கலோரி, ஒன்றரை நாள் நடைக்குச் சமம்.

எனவே பயிற்சி தொடங்கிய பிறகும் பயிற்சி நீங்கலான அடிகளை வாரம் ஒரு முறை பாருங்கள். முன்பு 3,500 இருந்தது இப்போது 2,200 என்றால், காலையில் சம்பாதித்ததைப் பகலில் திருப்பிக் கொடுக்கிறீர்கள். இதைச் சரிசெய்யப் பயிற்சியைக் கூட்டத் தேவையில்லை. மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நிற்பதும் நடப்பதும் போதுமானதாக இருக்கும்.

9. நான்கு வாரம் கழித்துத் தராசைக் கேளுங்கள்

இதுவரை செய்த கணக்கெல்லாம் தொடக்க மதிப்பீடே. உண்மையான செலவைக் கண்டறியும் படி இதுதான். இதற்காகவே மேலுள்ள படிகளை மாற்றாமல் முதல் பத்து நாளும் அதன்பின் நான்கு வாரமும் கடைப்பிடிக்கச் சொல்கிறேன்.

காலையில் கழிப்பறைக்குச் சென்று வந்தபின், எதையும் குடிப்பதற்கு முன், நாள்தோறும் எடை பாருங்கள். ஒரு நாளின் எண்ணுக்கு மதிப்பில்லை. ஏழு நாளின் சராசரியை மட்டும் எழுதுங்கள். விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறியிருந்தால் அது உப்பும் நீரும்தான். புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்குத் தசைகளில் நீர் தேங்குவதால் முதலிரண்டு வாரம் எடை நகராமல் இருக்கலாம். உணவைக் குறைத்தவுடன் நீர் இறங்கி வேகமாகக் குறைந்ததுபோலவும் தோன்றலாம். ஆகையால் முதல் பத்து நாட்களைக் கணக்கில் சேர்க்காமல், அதற்கடுத்த 28 நாட்களை எடுங்கள். மாதவிடாய் உள்ள பெண்கள் சுழற்சியின் அதே கட்டத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கும் 28 நாள் ஏறத்தாழப் பொருந்துகிறது.

நம் ஊழியர் அந்த 28 நாளில் சராசரியாக 1,560 கலோரி உண்டு 1.1 கிலோ குறைந்திருக்கிறார் என்று வைப்போம். 1.1 × 7,700 ÷ 28 = 302. அதை உண்டதோடு கூட்டினால் 1,862. இதுவே அவருடைய உண்மையான செலவு. மதிப்பீட்டைவிட நூறு குறைவு. அந்த நூறு சூத்திரத்தின் பிழையா, நடை வேகம் குறைந்ததா, சாம்பாரில் ஊற்றிய எண்ணெய் விடுபட்டதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எப்போதும் அதே மாதிரி அளந்து அதே மாதிரி எழுதுகிறவரையில், உங்கள் எழுத்துப் பிழையும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். இனி 1,862-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். பெருக்கெண், மெட், கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிடலாம்.

இப்போது அவருக்கு முன்னே இரண்டு வழிகள் உள்ளன. பற்றாக்குறையை நானூறுக்குக் கொண்டுவர உணவை 1,460-ஆகக் குறைக்கலாம். அல்லது மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறைவதே போதும் என்று அப்படியே தொடரலாம். பசியில்லாமல் நான்கு வாரம் தாக்குப்பிடித்தவரிடம் நான் இரண்டாவதையே சொல்வேன்.

10. எப்போது மறுபடி கணக்கிட வேண்டும்

எடை ஐந்தாறு கிலோ குறைந்த பிறகு பழைய எண் செல்லாது. 72 கிலோவிலிருந்து 66-க்கு வந்தவருக்கு ஓய்வுநிலைச் செலவே அறுபது கலோரி குறைகிறது. பெருக்கெண்ணும் நடையின் நிகரமும் சேர்ந்து மொத்தத்தில் ஏறத்தாழ 85 போய்விடும். 1,862-இலிருந்து 85-ஐக் கழித்து 1,777 என்று தொடங்கி, ஒன்பதாம் படியை மீண்டும் 28 நாள் செய்யுங்கள்.

வேலை மாறினாலும் இதேதான். கவுன்ட்டரிலிருந்து வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கத் தொடங்கியவர், பேருந்து நிறுத்தத்துக்கு நடந்த இரண்டாயிரம் அடிகளை இழந்திருப்பார். பயிற்சியில் ஒரு நாள்கூடத் தவறாமல் இருந்தும் எடை நின்றுவிட்டதே என்று வியப்பார். பள்ளி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையிலும் இது நடக்கும். அத்தகைய மாதங்களில் நான்காம் படிக்குத் திரும்பி, பயிற்சி நீங்கலான அடிகளை மூன்று நாள் எண்ணி, பெருக்கெண்ணை 0.1 இறக்கி எழுதுங்கள்; பள்ளி திறந்ததும் ஏற்றிக்கொள்ளலாம்.